18×9 பாண்டூன், 80 டன் கிராலர், 10 டன் பிளாக்: தூக்கலாமா?

மார்ச் 3, இரவு 9.10 (கேள்வி)

சின்னத் துறைமுக வேலை. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம் உள்ள ஸ்டீல் பாண்டூன் (பெட்டி மிதவை) ஒன்று இருக்கிறது. அதன்மேல் 80 டன் தூக்குதிறன் உள்ள கிராலர் கிரேனை (சங்கிலித் தடத்தில் நகரும் வகை) ஏற்றி, பக்கவாட்டில் 12 மீட்டர் ரேடியஸில் (சுழல் அச்சிலிருந்து சுமைவரை உள்ள தூரம்) 10 டன் கான்கிரீட் பிளாக்குகளை இறக்க வேண்டும். அந்த ரேடியஸுக்கு லோடு சார்ட் (எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) 19 டன் காட்டுகிறது. பாதிதானே தூக்குகிறோம். பாண்டூனும் மொத்த எடையைத் தாங்கும் என்கிறார் வாடகைக்குக் கொடுப்பவர். இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்?

மார்ச் 3, இரவு 10.45

எடையைத் தாங்கும் என்பது சரி. மூழ்காது என்பது வேறு, கவிழாது என்பது வேறு.

பாண்டூன் 60 டன், கிரேன் 75 டன், சாமான்கள் 5 டன் என்று வைத்துக்கொள்வோம். பிளாக் சேர்ந்தால் 150 டன். கடல் நீரில் 0.90 மீட்டர் அமிழும், 0.90 மீட்டர் வெளியே நிற்கும். பார்க்க வசதியாகத்தான் தெரியும்.

சாய்வுக் கணக்கு இது. அகலத்தின் மூன்றாம் அடுக்கை நீளத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 1,093. இதை அமிழ்ந்த கன அளவான 146-ஆல் வகுத்தால் 7.47 மீட்டர். மிதப்பு மையத்தின் உயரம் 0.45-ஐக் கூட்டுங்கள், மொத்த ஈர்ப்பு மையத்தின் உயரத்தைக் கழியுங்கள். கிரேனின் ஈர்ப்பு மையத்தைக் கீலிலிருந்து (மிதவையின் அடிப்பாகத்திலிருந்து) 4.3 மீட்டரிலும், தொங்கும் பிளாக்கை 5 மீட்டரிலும் வைத்தால் மொத்த மையம் 2.91 மீட்டர். ஆக ஜிஎம் (சாய்வை எதிர்க்கும் வலுவைக் காட்டும் அளவு) 5.01 மீட்டர்.

சாய்க்கும் திருப்புவிசை 10 × 12 = 120 டன்-மீட்டர். சாய்வு சுமார் 9 டிகிரி. டெக்கின் (மேல்தளத்தின்) விளிம்பு தண்ணீரைத் தொடுவது 11.3 டிகிரியில். விளிம்பு நனையாது, ஆனால் 9 டிகிரியில் எந்த நிலக் கிரேனையும் இயக்கக் கூடாது. வேண்டாம்.

மார்ச் 4, காலை 6.20

நேற்று எழுதியதில் பெரிய பிழை. அந்த எண்ணை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொங்கும் சுமையின் எடை, அது தொங்கும் உயரத்தில் செயல்படுவதில்லை. கயிறு எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கே, அதாவது பூம் (கிரேனின் நீண்ட கை) முனையில் செயல்படும். மிதவை சாய்ந்ததும் சுமை செங்குத்தாகவே தொங்கப் பார்ப்பதால், அது பூம் உச்சியில் கட்டி வைத்த எடையைப் போலவே நடந்துகொள்கிறது. பிளாக் டெக்கிலிருந்து ஒரு சாண் எழும்பினாலே போதும், 10 டன்னும் கணக்கில் 29 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும்.

திருத்திய கணக்கு: மொத்த ஈர்ப்பு மையம் 4.51, ஜிஎம் 3.41, சாய்வு 13 டிகிரிக்கு மேல். விளிம்பு தொடுவது 11.3-இல் என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் இந்தத் தூக்கு முடிவதற்குள் டெக் தண்ணீருக்குள் போகிறது. விளிம்பு உள்ளே போனபிறகு நீர்மட்டத்தில் உள்ள அகலம் குறையும், நிமிர்த்தும் வலு சரியும், மேலே போட்ட சூத்திரமும் செல்லாது.

ஒரே ஓர் உயரத்தைத் தவறாக வைத்ததில் “நனையாது” என்ற விடை “மூழ்கும்” என்று மாறுகிறது. யாராவது உங்களிடம் கணக்குத் தாள் கொடுத்தால், முதலில் சுமையின் உயரமாக எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மார்ச் 4, காலை 11.05 (இன்னொருவர்)

கவுண்டர்வெயிட்டை (கிரேனின் பின்பக்க எதிரெடையை) விட்டுவிட்டீர்கள் அண்ணே. பூம் ஒரு பக்கம் நீண்டால் கவுண்டர்வெயிட் மறுபக்கம் இழுக்குமே. கிரேனின் சொந்த ஈர்ப்பு மையம் சுழல் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கும்.

மார்ச் 4, பகல் 1.30

உண்மை. கிரேனின் மையம் 0.8 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்தால் 75 × 0.8 = 60 டன்-மீட்டர் எதிர்ப்பக்கம் கிடைக்கும். மிச்சம் 60. சாய்வு 13-லிருந்து 6.7 டிகிரிக்கு இறங்கும். டெக் நனையாது.

ஆனால் இதே கவுண்டர்வெயிட் கொக்கி காலியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். சுமை இல்லாமல் அதே பக்கம் திரும்பி நின்றால், பாண்டூன் பின்பக்கமாக 4.3 டிகிரி சாயும். சுமையோடு +6.7, இல்லாமல் −4.3. இடைவெளி 11 டிகிரி.

பிளாக்கை மெதுவாகக் கடலடியில் உட்கார வைத்தால் இந்த 11 டிகிரியும் நிதானமாகக் கடக்கும். ஸ்லிங் (சுமையைக் கட்டிய கயிறு) அறுந்தால் நொடியில் கடக்கும். அதோடு நிற்காது, ஊசல் போல எதிர்ப்பக்கம் தாண்டிப்போகும். தண்ணீரின் தடையைக் கழிக்காமல் பார்த்தால் −15 வரை. சுமை போனபின் பின்விளிம்பு தொடுவது 12 டிகிரியில். அந்த நேரத்தில் பூம் செங்குத்தாக இருந்தால் அது பின்னுக்கு மடிந்து கேபின்மேல் விழவும் கூடும். சுமை திடீரென்று கழன்றால் என்ன ஆகும் என்பது நிலைப்புக் கணக்கில் தனித் தாளாக இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

மார்ச் 4, மாலை 7.15 (கேட்டவர்)

சரி, 6.7 டிகிரிதானே. சார்ட்டில் பாதிதான் தூக்குகிறோம் என்ற தைரியம் இன்னும் போகவில்லை.

மார்ச் 4, இரவு 9.50

அந்த சார்ட்டே மட்டமான தரைக்கு எழுதியது. நிலக் கிரேன் சார்ட்டில் சிறிய எழுத்தில் 1 சதவீதச் சரிவுக்குள் என்று இருக்கும். அது 0.57 டிகிரி. அதைத் தாண்டினால் அந்த 19 டன் என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை.

பூம் சாய்வின் திசையிலேயே இருந்தால் ரேடியஸ் நீளும். பூம் முனை டெக்கிலிருந்து 27 மீட்டர் உயரம், சாய்வு 6.7 டிகிரி என்றால் முனை 3.2 மீட்டர் வெளியே போகும். நீங்கள் 12 மீட்டரில் தூக்குவதாக நினைக்கிறீர்கள், கிரேன் 15 மீட்டரில் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பூம் சாய்வுக்குக் குறுக்கே இருந்தால் இன்னும் மோசம். சுமை பூமைப் பக்கவாட்டில் இழுக்கும். லாட்டிஸ் (பின்னல் சட்டக) பூமைப் பக்க விசைக்குச் சோதிப்பது வழக்கமாகச் சுமையின் 2 சதவீதத்துக்குத்தான். 1.15 டிகிரிச் சாய்விலேயே அந்த 2 சதவீதம் வந்துவிடும். 5 டிகிரியில் 8.7 சதவீதம். பூம் கீழ்நோக்கி வளைவதற்கு முன் எச்சரிக்கை தரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் மடியும்போது எந்த எச்சரிக்கையும் கிடையாது.

எவ்வளவு திறன் போகும் என்பதற்கு ரிக்கர் (சுமை கட்டுபவர்) கையேடுகளில் காணும் தோராய எண்கள்: குட்டைப் பூம், குறைந்த ரேடியஸ் என்றால் 1 டிகிரிக்கு 10 சதவீதம், 3 டிகிரிக்கு 30. நீளப் பூமைச் செங்குத்தாக வைத்திருந்தால் 1 டிகிரிக்கு 30, 3 டிகிரிக்கு 50. பூமை நிமிர்த்தினால் பத்திரம் என்ற பழக்கம் தரையில் வந்தது. மிதவையில் அது உதவாது.

கேபினில் உள்ள லோடு இண்டிகேட்டரையும் நம்பிவிடாதீர்கள். அது கயிற்றின் இழுவிசையையும் பூமின் கோணத்தையும் பார்த்து, உள்ளே ஏற்றிய தரைச் சார்ட்டோடு ஒப்பிடுகிறது. பக்கவாட்டுச் சாய்வு அதற்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மார்ச் 5, காலை 8.00

விதி என்ன சொல்கிறது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 1926.1437, பார்ஜ் (தட்டையான மிதவை) மேல் ஏற்றிய நிலக் கிரேனைப் பற்றி நேராகப் பேசுகிறது. பக்கச் சாய்வும் முன்பின் சாய்வும் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. கிரேன் தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் வரம்பு. டெக் முழுவதும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், அடிப்பாகம் முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். சாய்வு காட்டும் கருவி ஆபரேட்டரின் கண்ணில் பட வேண்டும்.

5 டிகிரி அனுமதி என்று படித்துவிட்டு 5 டிகிரிவரை தூக்கலாம் என்று எடுத்துக்கொள்வது தவறு. அது உச்ச வரம்பு. எத்தனை டிகிரியில் எத்தனை டன் என்பதைத் தயாரிப்பாளரின் பார்ஜ் சார்ட்தான் சொல்லும். 1, 2, 3 டிகிரிக்குத் தனித்தனி அட்டவணை இருக்கும், கிரேனின் வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சார்ட் இல்லாத கிரேனை மிதவையில் ஏற்றாதீர்கள்.

நம் ஊரில் 2025 வரை இருந்தவை கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் 1986, அதன்கீழ் 1990 ஒழுங்குமுறைகள், கட்டுமானம் என்றால் கட்டுமானத் தொழிலாளருக்கான 1996 சட்டமும் 1998 மத்திய விதிகளும்; 2025 நவம்பரில் அந்தச் சட்டங்களின் இடத்தில் 2020 தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள நபர் கொடுக்கும் சோதனைச் சான்று கிரேனுக்கானது. அதை நீட்டி “சர்ட்டிஃபிகேட் இருக்கிறது” என்பவரிடம், பாண்டூனோடு சேர்த்துப் போட்ட நிலைப்புக் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

மார்ச் 5, காலை 8.20

ஒயர் ரோப்பைப் பற்றி ஒரு வரி: எட்டு விட்ட நீளத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கழித்துவிட வேண்டும். 20 மில்லிமீட்டர், 6×36 ரோப் (ஆறு புரி, புரிக்கு 36 கம்பி) என்றால் 160 மில்லிமீட்டர் நீளத்தில் 22 கம்பிகள். உப்புக் காற்றில் உள்ளே துருப்பிடித்த ரோப் கம்பி அறுவதற்கு முன்பே வலுவிழக்கும், ஆகவே எண்ணி மட்டும் தீர்க்காதீர்கள்.

மார்ச் 6, இரவு 8.40 (கேட்டவர்)

18×9 இன்னொன்றும் யார்டில் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால்?

மார்ச் 6, இரவு 10.15

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அகலம் மூன்றாம் அடுக்காக வேலை செய்கிறது என்பதால் கதை அப்படியே மாறுகிறது.

18×18, மொத்த எடை 210 டன். கவுண்டர்வெயிட்டின் உதவியைக் கணக்கில் எடுக்காமலே ஜிஎம் 39 மீட்டருக்கு மேல், சாய்வு 0.8 டிகிரி. அதையும் எடுத்தால் அரை டிகிரிக்குள். அதே கிரேன், அதே பிளாக், அதே ரேடியஸ்.

ஆனால் “சேர்த்தால்” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ரோப் போட்டு இறுக்கிக் கட்டியது சேர்த்ததாகாது. இரண்டும் தனித்தனியே சாயும், நடுவில் உள்ள ரோப் அறுவதற்குக் காத்திருக்கும். மேலும் கீழும் பின் லாக் (இரும்பு ஊசிப் பூட்டு) உள்ள மாடுலர் பாண்டூன்களாக இருந்தால், அந்த ஊசி எவ்வளவு வெட்டுவிசை தாங்கும் என்ற தாளை வாங்குங்கள். சாதாரண பாண்டூன்கள் என்றால் குறுக்கே கர்டர் வைத்து, உள்ளே உள்ள பல்க்ஹெட்டோடு (தடுப்புச் சுவரோடு) சேரும்படி வெல்ட் செய்ய வேண்டும். அது வடிவமைப்புப் பொறியாளரின் வேலை, ஃபேப்ரிகேட்டரின் ஊகத்துக்கு விடக் கூடாது.

மார்ச் 7, காலை 6.50

வெல்ட் என்று எழுதியதும் இதைச் சொல்லாமல் விட்டது உறுத்தியது. பாண்டூனின் மூடிய அறைகளுக்குள் இறங்கி வெல்ட் செய்யப் போகிறார்கள் என்றால், முதலில் மேன்ஹோலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜனை அளந்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. மணமும் இருக்காது, மூச்சுத் திணறலும் தெரியாது, ஆள் அப்படியே சாய்வார். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் சாய்வார். மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும், அவர் எந்தக் காரணத்துக்கும் உள்ளே குதிக்கக் கூடாது.

மார்ச் 7, காலை 9.30 (இன்னொருவர்)

அறைக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்பதால் என்ன? அடியில் எடை இருந்தால் நல்லதுதானே.

மார்ச் 7, பகல் 12.10

இல்லை. அறை முழுக்க நிரம்பிய தண்ணீர் எடை, பாதி நின்ற தண்ணீர் எதிரி. சாயும் பக்கம் ஓடிப்போய்ச் சேரும்.

ஒற்றை 18×9 பாண்டூனில் 4 மீட்டர் நீளமுள்ள ஓர் அறை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தடுப்பில்லாமல் 9 மீட்டர் அகலம் என்று வைப்போம். அதில் ஒரு சாண் தண்ணீர் நின்றாலும் ஜிஎம்மில் 1.66 மீட்டர் போகும். 3.41 இருந்தது 1.75 ஆகும். கவுண்டர்வெயிட் உதவியோடு 6.7 டிகிரி என்று சொன்னோமே, அது இந்தச் சூத்திரப்படி 12.9 ஆகிவிடும். விளிம்பு தொடும் 11.3-ஐத் தாண்டிய எண் அது. நடுவில் நீளவாக்கில் ஒரு பல்க்ஹெட் இருந்தால் இழப்பு நாலில் ஒரு பங்காக, 0.4 மீட்டராகக் குறையும்.

ஆகவே ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்பும் எல்லா அறைகளின் சவுண்டிங் பைப்பிலும் (உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று அளக்கும் குழாயிலும்) கோல் விட்டுப் பார்த்து எழுத வேண்டும். மேன்ஹோல் மூடியின் கேஸ்கெட்டும் போல்ட்டும் முழுதாக இருக்க வேண்டும். நாலு போல்ட்டில் இரண்டு மட்டும் போட்ட மூடி, டெக் நனையும்போது மூடியே இல்லாததற்குச் சமம்.

மார்ச் 8, மாலை 5.25

ஒருவர் தனிச் செய்தியில் நெதர்லாந்து விபத்தைக் கேட்டிருந்தார். ஆல்ஃபன் ஆன் டென் ரைன், 2015 ஆகஸ்ட் 3. ஜூலியானா பாலத்துக்கான ஒரு பகுதியை இரண்டு மிதவைகளில் நின்ற இரண்டு மொபைல் கிரேன்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தன. இரண்டும் பாலப் பகுதியோடு கரையோரக் கட்டடங்கள்மேல் விழுந்தன. மனிதர் யாரும் சாகவில்லை, ஒரு நாய் செத்தது. டச்சுப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கிரேனும் மிதவையும் சேர்ந்த அமைப்பின் நிலைப்பில் போதிய இடைவெளி இல்லை, சாய்வின் விளைவு சரியாகக் கணக்கில் வரவில்லை என்பதுதான் சாரம்.

இரண்டு கிரேன் தூக்கில் ஒன்று சாய்ந்ததும் சுமையின் பங்கு மாறும், மாறியதும் மற்றதும் சாயும். அமைதியான நீர், அனுபவமுள்ள நாடு, அப்படியும் நடந்தது. கரையில் நிற்பவர்களும் விழும் வட்டத்துக்குள் இருக்கிறார்கள் என்று நினைவில் வையுங்கள்.

மார்ச் 9, காலை 7.10 (கேட்டவர்)

இரட்டைப் பாண்டூன், பின் லாக் உள்ளது, தாள் வாங்கிவிட்டோம். டெக் சதுர மீட்டருக்கு 6 டன் என்று எழுதியிருக்கிறது. போதுமா?

மார்ச் 9, காலை 10.40

நேராக நிறுத்தினால் போதாது. கிரேனும் சுமையும் 85 டன். ஒரு டிராக் 5 × 0.8 மீட்டர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 8 சதுர மீட்டர், சராசரி 10.6 டன். பக்கவாட்டில் தூக்கும்போது ஒரு டிராக்கே முக்கால் பங்கை ஏற்கும், 64 டன். அதை 6-ஆல் வகுத்தால் டிராக் ஒன்றுக்கு 10.7 சதுர மீட்டர் வேண்டும். 5.5 × 2 மீட்டருக்கு மரக்கட்டை மேட் (விரிப்பு) போடுங்கள். கட்டைகள் டெக்கின் கீழே உள்ள விறைப்புச் சட்டங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் பிளேட் குழியும். மேட் நெகிழாமல் தடிமனாக இருந்தால்தான் எடை பரவும்.

கிரேனை டெக்கோடு பூட்ட வேண்டும். டிராக்கின் நாலு பக்கமும் சேனல் வைத்து வெல்ட் செய்து, இடைவெளியில் ஆப்பு இறுக்கி, அடிச்சட்டத்திலிருந்து டெக் டி-ரிங்குக்குச் செயினும் டர்ன்பக்கிளும். மேட்டும் நகராதபடி கட்டுங்கள். சுமையோடு கிரேனை ஓட்டுவது கிடையாது, ஓரடிகூட. ஹைட்ராவை மிதவைமேல் ஏற்றலாமா என்று கேட்காதீர்கள். டயரில் நின்று சுமையோடு நடக்க வந்த வண்டி, நடுவில் மடியும் வகை என்றால் திரும்பும்போதே அதன் நிலைப்பு மாறும்.

மார்ச் 9, இரவு 9.00

சாய்வு பார்க்க விலையுயர்ந்த கருவி இல்லையென்றால்: ஒரு மீட்டர் நூலில் தூக்குக்குண்டு, குண்டு ஒரு டப்பா எண்ணெய்க்குள் (ஆட்டம் அடங்க), பின்னால் அளவுகோல். 17 மில்லிமீட்டர் 1 டிகிரி, 52 என்றால் 3, 87 என்றால் 5. ஆபரேட்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிய வேண்டும். பக்கத்துக்கு ஒன்று, முன்பின்னுக்கு ஒன்று.

வேலைக்கு முன்னால் இதை வைத்தே கணக்கைச் சோதிக்கலாம். காலிக் கொக்கியோடு பக்கவாட்டில் திருப்பி அளந்து பாருங்கள். பிறகு 2 டன், 5 டன், அதே ரேடியஸில். கணக்கு சொன்னதைவிடக் கூடுதலாகச் சாய்ந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அல்லது யாரோ எடையை மறைத்திருக்கிறார்கள். தொடராதீர்கள்.

மார்ச் 10, காலை 6.30

அலை. பிளாக் 16 மீட்டர் கயிற்றில் தொங்கினால் அதன் ஊசல் நேரம் 8 நொடி. வெளியிலிருந்து 8 நொடி ஸ்வெல் (தொலைவிலிருந்து வரும் அலை) வந்தால் சுமை ஒவ்வோர் அலைக்கும் கூடுதலாக ஆடும். கயிற்றை 9 மீட்டராகச் சுருக்கினால் 6 நொடி, அந்த ஒத்திசைவு விலகும். காற்றே இல்லாத நாளில்கூட இது வரும். மார்ச் முதல் மே வரை தென்கடலிலிருந்து கள்ளக்கடல் அலை கேரளத்துக்கும் நம் தென்மாவட்டங்களுக்கும் வருவதை இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் மையம்) முன்கூட்டியே அறிவிக்கிறது. வானிலை தெளிவாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துத் தூக்கத் தொடங்காதீர்கள்.

டேக் லைன் (சுமை சுழலாமல் பிடிக்கும் கயிறு) இரண்டு. கையில் சுற்றக் கூடாது, கம்பத்தில் கட்டக் கூடாது.

மார்ச் 10, இரவு 8.15 (இன்னொருவர்)

கடலடியில் புதைந்த பழைய பிளாக்கை இதே கிரேனால் பிடுங்கலாமா?

மார்ச் 10, இரவு 9.40

கூடாது. சேற்றின் உறிஞ்சுபிடி எத்தனை டன் என்று யாருக்கும் தெரியாது. விட்டுக்கொடுக்கும் கணத்தில் சுமை சட்டென்று குறைந்து, மார்ச் 4-இல் சொன்ன அந்தப் பின்வீச்சு வரும். தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைத் தளர்த்தி, டைவர் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான்.

இதையொட்டி இன்னொன்று. அடித்த பைலிலோ ஜெட்டியிலோ கொக்கியை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒற்றை 18×9 பாண்டூனை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கக் கடலுக்கு 1.66 டன் வலு உண்டு. இரட்டைக்கு 3.3. ஓதம் 10 சென்டிமீட்டர் ஏறினால் கயிற்றில் எத்தனை டன் சேரும் என்று பெருக்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு டக் (இழுவைப் படகு) வேகமாகப் போனாலும் இதே கதைதான்.

மார்ச் 11, காலை 7.05

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் என்று முன்பு ஒருவருக்குப் பதில் சொன்னேன். ஆபரேட்டருக்கு அதைத் திருத்துகிறேன். கிரேன் தண்ணீரில் கவிழ்ந்து, நுரை அடைத்த ஜாக்கெட்டோடு அவர் கேபினுக்குள் சிக்கினால் அது அவரைக் கூரையோடு சேர்த்து அழுத்தும், கதவுக்குக் குனிய முடியாது. தானாக ஊதும் வகையும் அப்படித்தான். அவருக்குக் கையால் இழுத்து ஊதும் வகை. வெளியே வந்தபின் இழுக்க வேண்டும். கேபின் கதவைத் திறந்து கொக்கியில் மாட்டி வையுங்கள், வேலை முடியும்வரை.